கபீர் பாய் கை நனைத்த கதை

துபாய் நாய்ஃப் பஜாரில் அகமது கபீர் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சூட்கேஸ் கடை கபீர் பாய் என்றால் சின்னப்பிள்ளைகூட வழி காட்டும். கீழக்கரைக்காரர். வாலிபத்தில் துபாய்க்கு வந்து, யார் யார் கடையிலோ நின்று, பிறகு சொந்தக்கடை போட்டவர். லீவில் ஊருக்குப் போகிற தமிழன், மலையாளி, பட்டான் எல்லாரும் அவரிடம்தான் பெட்டி வாங்குவார்கள். தங்கமான மனுஷன்தான். ஆனால் ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. பேச்சு முடியாத இடத்தில் அவர் கை நனைக்க மாட்டார். சரக்குக் கொடுக்க வருகிறவன் சுலைமானி டீ வாங்கி வைத்தாலும், விலை படிந்த பிறகுதான் கிளாஸைத் தொடுவார். அந்த மனுஷன் ஆயுசு முழுக்கக் குடித்ததெல்லாம் ஆறிப்போன டீதான்.

யாவாரத்துக்கே இப்படி என்றால், மகள் சம்பந்தத்துக்குக் கேட்கவா வேண்டும்? பெண் பேசப் போன இடத்தில் வாயில் ஒரு பருக்கை பட்டாலும் சம்மதம் என்றுதானே நம் பக்கத்துக் கணக்கு!

மகள் ஷிரின் பார்மஸி படித்து, ஒரு ஆஸ்பத்திரியில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மாப்பிள்ளை ஹஸ்னைன் ஸ்வீடனில் படித்துவிட்டு வந்தவன். அவனுடைய வாப்பா சாதிக் பாட்ஷா, அதே கீழக்கரைதான், அபுதாபியில் கட்டடச் சாமான் யாவாரம், பெரிய கை. பையனையும் பெண்ணையும் இரண்டு வீட்டுக்கும் பிடித்துப்போயிற்று. ஷிரின் மட்டும் வாப்பாவிடம் ஒன்று கேட்டாள்.

"கல்யாணத்துக்காக நான் வேலையை விட மாட்டேன், வாப்பா. அந்த ஒரு வார்த்தையை அவுககிட்ட நீங்கதான் வாங்கித் தரணும்."

"வாங்கித் தர்றேன்" என்று கபீர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

2008ஆம் வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த கையோடு பேச்சுவார்த்தை. இடம் ஹஸ்னைன் பார்த்தது. ஜுமேரா பக்கம் புதிதாகத் திறந்திருந்த ஸ்வீடன் நாட்டுச் சாப்பாட்டுக் கடை. காரில் போகும்போதே கபீர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "வேலைக்குப் போகட்டும்னு அவுக வாயால சொல்ற வரைக்கும் யாரும் கை நனைக்கப்படாது. வெளங்குச்சா?"

உள்ளே நுழைந்ததும் முதல் அதிர்ச்சி. அவ்வளவு பெரிய கடையில் மேஜைக்கு ஒரு விரிப்பு இல்லை, சுவரில் ஒரு படம் இல்லை. குடிவராத வீட்டுக்குள் வந்துவிட்டோமோ என்று கபீர் திகைத்து நின்றார். அந்தப் பக்கம் சாதிக் பாட்ஷாவும் அவர் மனைவி பாத்திமுத்துவும் ஹஸ்னைனும், இந்தப் பக்கம் கபீரும் மனைவி அஸ்மத் பீவியும் ஷிரினும் உட்கார்ந்தார்கள். சலாம் சொல்லி, நலம் விசாரித்து, ஹலால்தானா என்று அஸ்மத் பீவி இரண்டு தரம் கேட்டு முடித்தாயிற்று.

வெயிட்டர் வந்து ஆளுக்கொரு சின்ன மண்கிண்ணத்தை வைத்துவிட்டு நீளமாகப் பிரசங்கம் செய்தான். ஹஸ்னைன் சுருக்கிச் சொன்னான். "இங்க மெனு சீசனுக்கு சீசன் மாறும், மாமா. அந்த நாட்டுல இப்ப என்ன வெளையுதோ அதான் தட்டுல வரும்."

"நம்ம துபாய்க்கு ரெண்டே சீசன்தான் தம்பி. வெயிலு, கொடும் வெயிலு" என்றார் கபீர். எல்லாரும் சிரித்தார்கள்.

சிரிப்போடு சிரிப்பாகப் பேச்சை எடுத்துவிடலாம் என்று வாயைத் திறந்தார். உடனே ஒரு தட்டு வந்தது. தட்டு நிறையக் கூழாங்கல்! கல்லுக்கு நடுவே அப்பளத்துண்டு மாதிரி ஏதோ இரண்டு. அதை வெறித்துப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்தது வந்தது. பொரித்த பாசி. அதற்கடுத்தது சமைக்காத மீன், சிவக்கச் சிவக்க, மேலே இரண்டு இலை.

அஸ்மத் பீவி காதைக் கடித்தார். "இஞ்சருங்க, கல்லு, பாசி, பச்சை மீனு... கடக்கரையக் கூட்டி அள்ளிட்டு வந்துட்டானா?"

"சும்மா இரு. நாம எங்க திங்கப் போறோம்?"

எதிர்ப்பக்கமும் யாரும் தட்டைத் தொடவில்லை. தொடுவார்களா, அவர்களும் அதே ஊர் அல்லவா! வெயிட்டர் முகம் வாடிப்போய், "எனி ப்ராப்ளம் சார்?" என்று சுற்றிச் சுற்றி வந்தான். அவன் வரும்போதெல்லாம் கபீரின் பேச்சு தொண்டையோடு நின்றுபோனது. படபடப்பில் கை சும்மா இருக்கவில்லை. முன்னால் இருந்த மண்கிண்ணத்தில் வறுத்த விதை மாதிரி ஏதோ கிடந்தது, சோம்பு வாசனை வந்தது. நம் ஓட்டல்களில் சாப்பிட்ட பிறகு வைப்பதை இவன் முதலிலேயே வைத்துவிட்டான் போல என்று, சிட்டிகை சிட்டிகையாக எடுத்து மென்றுகொண்டிருந்தார்.

திடீரென்று சாதிக் பாட்ஷா மேஜையைத் தட்டினார்.

"அல்ஹம்துலில்லாஹ்! கபீர் பாய், கை நனைச்சிட்டீக! அப்புறம் என்ன, கலாஸ், முடிச்சிருவோம்!"

"நானா? எங்க நனைச்சேன்? இது சோம்புல்ல?"

ஹஸ்னைன் சங்கடத்தோடு சொன்னான். "இல்ல மாமா, அதான் முதல் கோர்ஸ். அந்த நாட்டுத் தானியத்த வறுத்து, சோம்பு மாதிரி ஒண்ணு சேத்துத் தர்றது. வெயிட்டர் அதத்தான் சொன்னாரு."

கபீர் கிண்ணத்தைப் பார்த்தார். துடைத்த மாதிரி காலி. ஆறிப்போன டீயாகவே குடித்துக் கட்டிக்காத்த வைராக்கியம் ஒரு கிண்ணம் பொரியில் போய்விட்டதே, யா அல்லாஹ்!

சாதிக் பாட்ஷா அதோடு விட்டாரா? "பொண்ணு இனிமே டூட்டி கீட்டின்னு அலைய வேணாம். எங்க வீட்டுப் பொம்பளைக வேலைக்குப் போற வழக்கம் இல்ல" என்றார் சந்தோஷமாக.

சாப்பிட்டுவிட்டு இல்லை என்று சொல்லிப் பழக்கமே இல்லாத மனுஷன் கபீர். மகள் முகத்தைப் பார்க்கவும் தெம்பில்லை. பாவி, புள்ளைக்குக் கொடுத்த வாக்கை மென்று தின்றுவிட்டேனே என்று உள்ளுக்குள் குமைந்தார்.

அப்போது ஷிரின் தன் கிண்ணத்தை எடுத்து மேஜை நடுவில் வைத்தாள். அது நிறைந்தபடியே இருந்தது.

"வாப்பா தெரியாம சாப்பிட்டுட்டாக, மாமா. கல்யாணம் பண்ணப்போறது நான். நான் இன்னும் கை நனைக்கல. நான் வேலைக்குப் போவேன். அதுக்குச் சம்மதம்னா சொல்லுங்க, சாப்பிடுறேன்."

சாதிக் பாட்ஷாவின் முகம் சிவந்தது. "என்ன கபீர் பாய், பெரியவுக பேசுற எடத்துல..."

"அந்தப் புள்ள கேட்டதுல என்ன தப்பு?"

கேட்டது பாத்திமுத்து. வந்ததிலிருந்து வாயே திறக்காத அம்மாள். கணவர் பக்கம் திரும்பாமலே பேசினார். "நானும் டீச்சர் ட்ரெய்னிங் முடிச்சவதான். ஒங்க உம்மா வேணாம்னாக, மூட்டைகட்டி வச்சிட்டேன். இன்னைக்கு வரைக்கும் நீங்க ஒரு வார்த்தை கேட்டதில்ல. இவளுக்கும் அதே கதிதானா? வேலைக்குப் போகட்டும்."

"எனக்கும் அதான் ஆசை, வாப்பா" என்றான் ஹஸ்னைன் மெதுவாக.

சாதிக் பாட்ஷா மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் பக்கத்திலிருந்தவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

கபீருக்கு அப்போதுதான் உயிர் வந்தது. சாதிக் பாட்ஷாவின் தொடாத கிண்ணத்தை எட்டி எடுத்து அவர் கைக்கருகே நகர்த்தினார்.

"சம்பந்தி, புள்ள வேலைக்குப் போறதுக்குச் சம்மதம்னா கை நனைங்க."

"இதையா? இது..."

"இதத் தின்னா கை நனைச்ச மாதிரின்னு நீங்கதானே சொன்னீக."

சாதிக் பாட்ஷா கிண்ணத்தைப் பார்த்தார். மறுபடியும் மனைவியைப் பார்த்தார். பாத்திமுத்து கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு, தலையைக் குனிந்துகொண்டு மென்றார்.

அவர் விழுங்கி முடிக்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, ஷிரின் தன் கிண்ணத்தைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.