புளியமேட்டுக் குழாயில் ஏறிய தண்ணீர்

எங்கள் அலுவலகத்தில் தேவயானி கண்ணில் பட்ட எந்த மூடியும் மூடியபடியே இருந்ததில்லை. சாப்பாட்டு டப்பாவோ மாடித் தண்ணீர்த் தொட்டியோ, திறந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. ஒருநாள் என் டிபன் கேரியரைத் திறந்துவிட்டு, "இன்னா முரளி அண்ணா, தினம் எலுமிச்ச சாதம், அண்ணிகிட்ட சண்டையா?" என்று கேட்டாள். சண்டைதான். அதை இவளிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆனால் நிலத்தடி நீரை அளக்கும் வேலைக்கு இப்படி ஒரு ஆள்தான் லாயக்கு. திருத்தணியைச் சுற்றிப் பல ஊர்களில் அரசாங்கம் போட்ட கண்காணிப்புக் குழாய்கள் இருக்கின்றன. ஆழ்துளைக் கிணறுதான், மோட்டார் மட்டும் கிடையாது. யாரும் இறைக்கவும் கூடாது. மாதம் ஒருமுறை பூட்டைத் திறந்து அளவு நாடாவை உள்ளே இறக்குவோம். நாடாவின் முனை தண்ணீரைத் தொட்டதும் மேலே இருக்கும் பெட்டி கீச்சென்று கத்தும். எந்த ஆழத்தில் கத்தியது என்று குறித்துக்கொண்டு வருவது தேவயானியின் வேலை. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை.

அவள் திருவாலங்காட்டுக்காரி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கரும்பை வெட்டிப் பிழைத்தவர்கள். சின்ன வயதில் ஊர்க் கிணற்றில் குனிந்து குனிந்து பார்த்து முதுகில் வாங்கிய அடிகளைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். "அன்னிக்கு அடி குடுத்தாங்க, இன்னிக்கு சம்பளம் குடுக்கறாங்க" என்பாள். ஒப்பந்த வேலைதான், வருடாவருடம் நீட்டித்தால் உண்டு. அரக்கோணத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் குணசேகரனைக் கட்டிக்கொண்டாள். இந்தப் பொங்கலுக்கு, மாசமாக இருப்பதாகச் சொல்லி எல்லோருக்கும் கல்கண்டு கொடுத்தாள்.

அதற்குப் பிறகுதான் புளியமேட்டுக் குழாய் எங்களைக் குழப்ப ஆரம்பித்தது. சுற்றியிருந்த ஊர்களில் எல்லாம் வெயில் ஏற ஏறத் தண்ணீர் கீழே போனது. புளியமேட்டில் மட்டும் மேலே வந்தது. மாசியில் வந்தது, பங்குனியில் இன்னும் வந்தது.

சரியாக அந்தச் சமயத்தில் ஒரு கேன் தண்ணீர் கம்பெனி, புளியமேட்டு ஏரிக்கரையை ஒட்டிப் பெரிய போர்வெல்கள் போடத் தடையில்லாச் சான்று கேட்டிருந்தது. எங்கள் அதிகாரி சிவப்பிரகாசம் சாருக்கு எங்கள் அளவுகள்தான் ஆதாரம்.

"கோடையிலயே ஏறுது. குடுக்கறதுல இன்னாய்யா தப்பு?" என்றார்.

"பக்கத்துல இருக்கிற கைப்பம்புல காத்துதான் சார் வருது. இந்தக் குழாய்க்கு மட்டும் எங்கருந்து வருது?" என்று தேவயானி கேட்டாள்.

"ஏரி ஊத்தா இருக்கும்."

"ஏரில மாடு மேஞ்சுகினு இருக்குது சார்."

அவர் அடுத்த ஃபைலைப் பிரித்தார். இவள் விடவில்லை. அடுத்த முறை போனபோது ஒரு சின்ன பாட்டிலைக் கயிற்றில் கட்டி இறக்கி, அந்தத் தண்ணீரை மொண்டு வந்து என் மூக்கடியில் நீட்டினாள்.

"பிளீச்சிங் பவுடர் வாசன வருது பாருங்க. பூமிக்கு அடியில யாரு அண்ணா மருந்து போட்டது?"

எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை. மாசமாக இருப்பவர்களுக்கு மூக்கு ரொம்பத்தான் வேலை செய்யும் என்று கிண்டல் செய்தேன்.

குழாய்க்குப் பக்கத்து வீடு கோவிந்தம்மாளுடையது. தனிக்கட்டை, கூலி வேலைக்குப் போகிறவள். சாவி அவளிடம்தான் இருக்கும் என்பதால், தேவயானி முதல் நாளே போன் செய்துவிட்டுத்தான் போவாள். சித்திரையில் தேவயானி வேண்டுமென்றே போன் செய்யவில்லை. அலுவலகத்து மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் கிளம்பினாள். தனியாக விடாதீர்கள் என்று குணசேகரன் கெஞ்சியதால் நானும் கூடப் போனேன்.

நாடா இறங்கியது. போன மாதம் கத்திய இடத்தைத் தாண்டியது. இறங்கிக்கொண்டே போய்க் கடைசியில் அடித்தரையைத் தொட்டுத் துவண்டது. பெட்டி கத்தவே இல்லை.

எங்கிருந்தோ கோவிந்தம்மாள் ஓடி வந்தாள். தேவயானியின் தோளைப் பிடித்துக் குழாயை விட்டு இழுத்தாள்.

"சொல்லாம கொள்ளாம ஏன்டி வந்த? வாயும் வயிறுமா இருக்கிறவ வெறுங்குழாய எட்டிப் பாக்கலாமா? வெறுங்குடம் எதுர வந்தாலே ஆவாதே."

"அப்ப இத்தன நாளா?"

"நீ போன் பண்ணா, லாரியில புடிச்சு வெச்ச தண்ணிய காலைல ஊத்திடுவேன், மாசத்துக்கு மாசம் ஒரு கொடம் கூடவே. உனக்காகதான் கண்ணு."

"குடிக்க இன்னா பண்ணுவ பெரிம்மா?"

"அக்கம் பக்கத்துல கேட்டு வாங்கிக்குவேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஊரையே கம்பெனிக்குத் தாரை வார்த்துவிட்டாயே என்று கத்தினேன். தேவயானி என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, சான்று விஷயத்தை அவளுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். கோவிந்தம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பும்போது நான் ஒரு வழி சொன்னேன். கருவி பழுது என்று எழுதிவிட்டால் யார் தலையும் உருளாது. வேலை நீட்டிப்பு வேறு அடுத்த மாதம் வருகிறது.

"புது மெஷின் வரதுக்குள்ள சான்று கம்பெனி கைக்குப் போயிடும் அண்ணா" என்றாள்.

குழாயில் வெளித் தண்ணீர் ஊற்றப்பட்டது, மாசி முதல் எடுத்த தன் அளவுகளை நம்ப வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். கோவிந்தம்மாள் பெயரை எழுதவில்லை. சிவப்பிரகாசம் சார் கொதித்துப் போனார். கம்பெனி மானேஜரை வைத்துக்கொண்டே மறுபடி அளப்போம், தண்ணீர் இருந்தால் உன் இடத்தில் வேறு ஆள் வருவான் என்றார். அவள் சரி என்றாள்.

மறுபடி அளந்த அன்றைக்குக் குழாயைச் சுற்றி ஊரே நின்றது. நாடாவை நான் பிடிக்கிறேன் என்றேன். தேவயானி தரவில்லை. மூச்சு வாங்க மண்டியிட்டு, அவளே இறக்கினாள். கோவிந்தம்மாள் இந்த முறை இழுக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தாங்கிக்கொண்டாள்.

பெட்டி கத்தவில்லை. மானேஜர் மறுபடி இறக்கச் சொன்னார். மறுபடியும் கத்தவில்லை.

"இங்க குடுக்க முடியாதுங்க" என்றார் சிவப்பிரகாசம் சார். தேவயானியிடம், "பிரசவம் முடிஞ்சு சீக்கிரம் வந்து சேரும்மா" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் ஊர்க்காரர்கள் யாரும் நகராமல் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோவிந்தம்மாள் மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

"அடி வரைக்குமா ஒண்ணும் இல்ல?"

"ஆங், இல்ல பெரிம்மா."

"உன் வயித்துல இருக்கிறத நெனச்சுதான் பயந்துகினு இருந்தேன். இப்ப ஊர நெனச்சா பயமா கீது."

எதற்கும் ஒரு கேள்வி வைத்திருப்பவள், அன்று எதுவும் கேட்கவில்லை. "எனக்கும்தான் பெரிம்மா" என்றாள்.