வெர்னா ஜோவின் தொண்டை

அமெரிக்காவின் மிசூரி மாநில மலைச்சரிவில் இருக்கும் எங்கள் ஊரில் வியாழக்கிழமை என்றால் மாட்டு ஏலம், ஏலம் என்றால் வெர்னா ஜோ ஹாஸ்கெட். ஆண்கள் மட்டுமே நின்ற மேடையில் இருபத்து மூன்று வயதில் ஏறினாள். அன்று காலை கேலி செய்தவர்கள் மதியத்துக்குள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விலை, ஆள் பெயர், நடுவில் ஒரு குத்தல், எல்லாம் ஒரே மூச்சில் பாட்டாக ஓடும். கருமிக்குக்கூடக் கை தானாக மேலே போகும்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு நாள் பாதி ஏலத்தில் அந்த ஓட்டம் நின்றுபோனது. நெஞ்சு படபடத்தது, கை சில்லிட்டது, இதோ செத்தோம் என்றே நினைத்தாள். இறங்கி நேராக வண்டிக்குப் போய்விட்டாள். அதற்கும் பல மாதம் முன்பிருந்தே அவளுக்குத் தூக்கம் இல்லை. காரணமே இல்லாமல் அழுகை வரும். யாரிடமும் அவள் மூச்சுவிடவில்லை.

மறுநாள் ஏலக் கொட்டகை முதலாளி ஆர்வல் டப் வந்து விசாரித்தார். "தொண்டை போயிடுச்சு" என்றாள். அவ்வளவுதான், ஊரே தேன் பாட்டிலும் கையுமாக வந்து நின்றது. மேடை ஆர்வலின் அக்கா மகனுக்குப் போனது. வெர்னா ஜோ கொட்டகையின் சாப்பாட்டுக் கடையில் சோள ரொட்டியும் பீன்ஸும் பரிமாறினாள். ஸ்பிரிங்ஃபீல்ட் நகரத்தில் மனநல மருத்துவரிடம் போய்வருவதற்குப் பல்வலி என்று பேர் வைத்தாள். தலைக்குள் கோளாறு என்று தெரிந்தால் எவன் தன் மாட்டை நம்பிக் கொடுப்பான்? மேடை வேண்டும் என்ற ஏக்கம் மட்டும் அவளை விடவில்லை.

அப்போதுதான் கேசி டனவே வந்தான். எங்கள் ஊர்ப் பையன், நாஷ்வில் நகரத்தில் கன்ட்ரி என்னும் நாட்டுப்புறப் பாட்டுப் பாடிப் பேர் வாங்கியவன். யார் கேட்டாலும் 'நல்லாத்தான் இருக்கேன்' என்று சொல்லிச் சொல்லியே உள்ளுக்குள் நொறுங்கிப்போகும் ஆளைப் பற்றிப் புதிதாக ஒரு பாட்டு எழுதியிருந்தான். அதற்கு வீடியோ எடுக்க வேண்டும்.

"மிஸ் வெர்னா, ஏலம் போட்டுக்கிட்டு இருக்கும்போதே பாட்டுல வர்ற ஆள் அப்படியே ஒறைஞ்சு நிக்கணும். ஆர்வல் மருமகனக் கேட்டேன். 'வாயடைச்சுப் போனவனா நான் நடிச்சா நாளைக்கு எவன் என்ன மதிப்பான்'ங்கறான். நீங்க சும்மா வாயசைங்க. தொண்டைக்கு வேலையே இல்ல."

அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. "அதுல எனக்கு நல்ல பழக்கம்டா" என்றாள்.

படப்பிடிப்பு அன்று, வழக்கமாக மாடு வாங்குகிறவர்களையே பெஞ்சுகளில் உட்கார வைத்தார்கள். களத்தில் ஆர்வலின் சொந்தக் கிடாரி நின்றது. "இது விக்கறதுக்கு இல்ல, படத்துக்கு மட்டும்தான்" என்று அவர் கத்திச் சொல்லியிருந்தார். இயக்குநரான சின்னப் பெண் எல்லோரையும் சோகமாக, அசையாமல் இருக்கச் சொன்னாள். வெர்னா ஜோ வாயசைத்தாள். கண்றாவியாக இருந்தது.

"தொண்டை தாங்கற அளவுக்குக் கொஞ்சம் குரல் குடுங்களேன், மேடம்."

முதல் நாலு வார்த்தை துருப்பிடித்த கேட் மாதிரி கிறீச்சிட்டு வந்தன. பிறகு, அடேயப்பா, பழைய ஓட்டம் பிடித்துக்கொண்டது. முன் பெஞ்சில் கிழட்டு டெல்மர் புரூயிட்டின் விரல் விலை கேட்டு உயர்ந்தது. எதிர்ப்பக்கம் ஒரு தொப்பி அசைந்தது.

"கட்! ஐயா, நீங்க சோகமா உக்காரணும்!"

"சோகமாத்தாம்மா இருந்தேன். ஆனா விலை சல்லிசா இருந்துச்சே!" என்றார் டெல்மர்.

மறுபடி எடுத்தார்கள். மறுபடி விரல். "யோவ், அது என் கிடாரிய்யா!" என்று ஆர்வல் அலறினார்.

மூன்றாம் முறை இயக்குநர் கைகாட்டிய இடத்தில் வெர்னா ஜோ நிறுத்தினாள். மேசையைப் பற்றிய விரல்கள் வெளுத்தன, கண் ஓரிடத்தில் குத்திட்டு நின்றது. அதில் நடிப்பு கொஞ்சம்தான். இயக்குநர் பூரித்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு விரலைத் தூக்கியபடி டெல்மர் துள்ளி எழுந்தார்.

"யாராவது தண்ணி குடுங்கய்யா! பாவம், தொண்டை மறுபடி போயிடுச்சு!"

நாலு பேர் இருமல் மிட்டாயோடு மேடைக்கு ஓடிவந்தார்கள். அந்த அன்பை அவளால் தாங்க முடியவில்லை. மைக்கை இழுத்தாள்.

"தொண்டை இல்ல, டெல்மர். அன்னிக்கும் தொண்டை இல்ல. என் மனசுதான் ஒடைஞ்சுபோச்சு. பல்வலியும் பொய். மனசுக்குத்தான் வைத்தியம் பாக்கறேன். பயந்துதான் உங்ககிட்ட மறைச்சேன்."

மிட்டாய் நீட்டிய கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

"அப்ப தொண்டை நல்லாத்தான் இருக்கு?" என்றார் டெல்மர்.

"நல்லாத்தான் இருக்கு."

"ரெண்டு வருஷமா எங்க வீட்டுத் தேன வாங்கி நக்கினியே, பாவி!"

கொட்டகையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "என் தம்பி போனப்புறம் நானும் டிராக்டர்லயே உக்காந்து கெடப்பேன். வீட்டுல இடுப்புவலின்னு சொல்லிட்டேன். ஒரு வருஷமா முதுகுக்குத் தைலம் தேய்க்கிறா என் பொண்டாட்டி." விரல் இன்னும் மேலேதான் இருந்தது. "சரி, நான் கேட்ட விலை அப்படியே நிக்குது. விக்கறியா இல்லியா?"

வெர்னா ஜோ ஆர்வலைப் பார்த்தாள்.

"பாதியில மறுபடி நின்னுட்டா?" என்றார் அவர், மெதுவாக.

"நின்னா காத்திருங்க. மறுபடி ஆரம்பிப்பேன்."

ஆர்வல் தொப்பியைக் கழற்றினார், கிடாரியை ஒரு பார்வை பார்த்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். "வித்துத் தொல. வியாழக்கிழம சீக்கிரம் வந்து சேரு."

அவள் ஆரம்பித்தாள். கட் சொல்ல வேண்டியவள் பெஞ்சின் மேல் ஏறி நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். கேசி அழுதுகொண்டே சிரித்தான். ஒருவன்கூடச் சோகமாக இல்லை. பாட்டுக்கு இனி எந்த முடிவு வைப்பார்களோ, அது அவர்கள் பாடு. நடுவில் ஒரு முறை அவள் குரல் நின்றது. கொட்டகை முழுக்கக் காத்திருந்தது. அவள் மூச்சை இழுத்தாள், விட்ட இடத்திலிருந்து பிடித்தாள், மைக்கை ஒதுக்கிவிட்டுச் சொந்தத் தொண்டையிலேயே கத்தினாள்: "வித்தாச்சு!"