அண்ணன் முறுக்காத வயர்

வயர் கருகும் வாடை. எந்த வண்டியிலிருந்து வந்தாலும் சரி, ஓராண்டாக அந்த வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்திவிடுகிறேன்.

அண்ணன் வெம்பக்கோட்டைப் பக்கம் பிறந்தவர். வெடி ஆலைத் தீ அப்பாவைத் தின்றதும் பள்ளியை விட்டுவிட்டு, சிவகாசியில் வண்டிகளுக்கு வயரிங் பார்க்கப் போனார். தங்கையின் திருமணம், அம்மாவின் மருந்து, என் ஓட்டுநர் உரிமம் எல்லாம் அந்தக் கறுத்த விரல்கள் தந்தவை. கோபக்காரர். பட்டாசு ஏற்றும் வண்டியில் எவனாவது வயரை வெறும் கையால் முறுக்கி ஒட்டுப்போட்டு டேப் சுற்றியிருந்தால் முதலில் அறை விழும், பிறகுதான் பேச்சு.

சென்ற தீபாவளி சீசனில் என் லோடு வேனின் சாவி சுவிட்சுக்குப் பின்னால் வயர்கள் சேரும் கப்ளர் உருகியது. உள்ளிருந்த பித்தளைப் பின்கள் கருகின. நகத்தளவுப் பொருள். அண்ணன் சிவகாசியில் கடை கடையாக ஏறி இறங்கினார். ஒன்று தொளதொளவென்று ஆடியது, ஒன்று நுழையவே இல்லை. விருதுநகர் போய் வாங்கி வருகிறேன் என்றார்.

"இதுக்குப் போயி விருதுநகரா? முறுக்கி விடுங்கண்ணே, லோடு நிக்குதுல்ல."

"ஏலே, நீ ஏத்துறது வெங்காயமா? வயரத் தொட்ட, கைய ஒடிச்சிருவேன்."

கருகிய பின்னைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கை உதைத்தார்.

கம்பெனியிலிருந்து போன் மேல் போன். நான் முறுக்கினேன். டேப் சுற்றினேன். லோடு ஏற்றிக் கிளம்பினேன்.

விஸ்வநத்தம் தாண்டியதும் அந்த வாடை. காலடியில் பொறி. எதிரே, விருதுநகர் போய்த் திரும்பும் அண்ணனின் பைக். கதவைப் பிய்த்து, என் முடியைப் பற்றி இழுத்து, ஓர் அறை அறைந்து ஓடைக்குள் எறிந்தார். மறுபக்கக் கதவு திறக்காமல், சரக்கு இறக்க என்னுடன் வந்த லோடுமேன் அலறினார். உள்ளே பாய்ந்து அவரையும் உதைத்து வெளியே தள்ளினார். அதற்குள் பெட்டிகள் வெடித்தன. வாணங்கள் பக்கவாட்டில் சீறிப் பனைகளைக் குத்தின. அண்ணன் எரிந்தபடியே நடந்து வந்தார்.

மண்ணை வாரி இறைத்த விஸ்வநத்தத்து மக்களுக்கும், ஆஸ்பத்திரி சேர்த்த டிராக்டர்காரருக்கும், மூன்று நாள் முகம் சுளிக்காமல் புண் துடைத்த செவிலியர்களுக்கும், இன்றும் அம்மாவுக்குத் தண்ணீர் எடுத்துத் தரும் அந்த லோடுமேனுக்கும் இந்த முதலாண்டு நினைவு நாளில் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

"அம்புட்டுப் பெரிய வேலைக்காரரு, கடைசியில முறுக்கித்தான விட்டாரு" என்று துக்கம் கேட்க வந்தவர்களே சொன்னீர்கள். தலை குனிந்து நின்றேன். முறுக்கியது நான். இப்போது காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அண்ணனின் கருகிய சட்டைப் பையில் புதுப் பின்கள் நான்கு இருந்தன. சரியான அளவு.

கண் திறக்க முடியாத கடைசிக் காலையில் என் விரலைத் தேடிப் பிடித்து அவர் சொன்னது இதுதான்:

"நாந்தான் முறுக்குனேன்னு போலீசுல சொல்லிட்டேன். நீ வாயத் தொறந்த, செத்தாலும் வந்து அறைவேன்லே."