சீருடையில் கேட்ட மன்னிப்பு

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பிரித்துப் படிக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். நல்லதை மட்டும் எழுது என்பது அக்காவின் கணவரான மாமாவின் உத்தரவு. நான் அக்கா செய்த ஒரு தவறையும் எழுதப்போகிறேன். அதை மறைத்தால் அக்கா என்னை லேசில் விடமாட்டார்.

தளவானூரில் நிலமில்லாத குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார் அக்கா. நைனாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போய்விட, என்னைக் குளிப்பாட்டிப் பள்ளிக்குத் துரத்தியவர் அவர்தான். அடி கொடுத்தவரும் அவரேதான். செஞ்சிக்குப் பஸ் ஏறி வந்து பன்னிரண்டாம் வகுப்பு முடித்தார். செருப்பில்லாமல் ஏரிக்கரையில் ஓடிப் பழகிக் காவலர் தேர்வில் வென்றார். சேதி வந்த அன்று நைனா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்து, ஓரமாக உட்கார்ந்து அழுதார்.

ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் வந்தால் அக்காவுக்குக் கடைத்தெருவில் மப்டி வேலை. வெளியூரிலிருந்து பெண்கள் கூட்டமாக வேனில் வந்து ஜவுளிக்கடைக்குள் நுழைவார்கள். ஒருத்தி புடவைகளை மலையாகப் பிரிக்கச் சொல்வாள். ஒருத்தி விலைக்குச் சண்டை பிடிப்பாள். இன்னொருத்தியின் பாவாடைக்குள் தைத்த பையில் நாலு பட்டுப்புடவை போய்விடும். பெண் போலீஸ் இல்லாத காலத்தில் ஆண் காவலர்கள் இவர்களிடம் படாத பாடு பட்டார்களாம். தொட்டுச் சோதிக்க முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது பெண் பணியாளரை அழைத்து வருவதற்குள், தலையை விரித்துப்போட்டு அலறிக் கூட்டம் கூட்டி, பொருளைக் கைமாற்றிவிடுவார்கள். பழைய ஏட்டையாக்கள் சொன்ன இந்தக் கதைகளை அக்கா எங்களுக்கு நடித்தே காட்டுவார். அவரிடம் அந்த அலறல் எடுபடாது. "கத்தும்மா, நல்லா கத்து. கத்தி முடிச்சிட்டு அந்த ரூமுக்கு வா" என்பார். ஆளின் முகத்தைப் பார்க்கமாட்டார், நடையைத்தான் பார்ப்பார். துணிக்கட்டை ஒளித்து நடப்பவர்கள் படி இறங்கும்போது மாட்டிக்கொள்வார்கள் என்பது அவர் அனுபவம்.

ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம் அவரே அதை மறந்துபோனார். புடவையைக் காணோம் என்று விற்பனைப் பெண் குரல் கொடுத்ததும் அக்கா வாசலை மறித்தார். சீயமங்கலம் பக்கமிருந்து மகளின் நிச்சயதார்த்தத்துக்குத் துணியெடுக்க வந்த ஓர் அம்மாவின் கட்டைப்பையில் அந்தப் புடவை இருந்தது.

"சத்தியமா இது எப்டி வந்துச்சின்னே தெரிலம்மா" என்று அழுதார் அவர்.

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க" என்றார் அக்கா.

கடைக்காரர் அவரைப் படமெடுத்து, 'உஷார்' என்று எழுதி வியாபாரிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். பிறகுதான் கேமராப் பதிவைப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்று அன்பாகப் பேச்சுக் கொடுத்த ஒருத்தி, அக்காவை அடையாளம் கண்டதும் புடவையை அந்தப் பைக்குள் தள்ளியிருந்தாள். அதற்குள் அந்தக் கூட்டம் வேன் ஏறிப் போயிருந்தது. அந்த அம்மாவின் படமோ சம்பந்தி வீடு வரைக்கும் போயிருந்தது.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்த அக்கா சாப்பிடவில்லை.

"அத்தன பேர் நின்னாங்கடா. பழைய பொடவையும் ரப்பர் செருப்பும் பாத்து அந்தம்மா பையத்தான் மொதல்ல புடுங்கினேன். நம்ம அம்மா கடைக்குள்ள போனா பின்னாலயே கடையாளு ஒருத்தன் வருவானே, ஞாபகம் இருக்குதா? அந்த வேலைய இன்னிக்கு நானே பண்ணிட்டேன்" என்றார். அக்கா அழுது அன்றுதான் பார்த்தேன்.

மன்னிப்பு கேட்கப் போகிறேன் என்று மேலதிகாரியிடம் சொன்னார்.

"மப்டியிலயே போய்க் கேட்டுட்டு வாம்மா. யூனிபார்ம்ல வேணாம், டிபார்ட்மெண்டுக்கு அசிங்கம்" என்றார் அவர்.

"மப்டியில இருந்தாலும் போலீஸாத்தான் சார் புடிச்சேன்" என்றாராம் அக்கா.

மறுநாள் சீருடையோடு அந்த அம்மாவின் வீட்டுக்கே போய் அழைத்து வந்தார். கடை வாசலில், ஊர் பார்க்கக் கைகூப்பி நின்று, "இவங்க எதையும் எடுக்கல. தப்பு எம்மேலதான்" என்றார். கடைக்காரரையே அதைப் படம் பிடிக்கச் சொன்னார். "அந்தப் படம் எங்கெல்லாம் போச்சோ, அங்கெல்லாம் இதுவும் போகணுங்க." பிறகு சம்பந்தி வீட்டு வாசலிலும் போய் நின்றார். நிச்சயதார்த்தம் நடந்தது. அக்காவுக்கு மெமோ வந்தது. பதவி உயர்வு தள்ளிப்போனது. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் குறைபட்டதில்லை. கேமராவில் பார்த்தவளை அடுத்த ஆண்டு வேறொரு கடையின் படிக்கட்டில் அவரேதான் பிடித்தார்.

நோய் முற்றிய மாதங்களில் அக்காவைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்ட மாமாவுக்கும், மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், முறை வைத்து இரத்தம் கொடுத்த காவல்துறை நண்பர்களுக்கும், இறுதி நாளில் தோள் கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடு இருக்கும்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அன்று தாய்வீட்டுக் கோடிப் புடவையை நான் அக்காவுக்குப் போர்த்தியதும், கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தச் சீயமங்கலத்து அம்மா வந்தார். "நானும் ஒண்ணு போத்தட்டுமா தம்பி?" என்று கேட்டு, பைக்குள் கைவிட்டு முதலில் பில்லை எடுத்து நீட்டினார். அதற்கப்புறம்தான் புடவையை எடுத்தார். எதை வாங்கினாலும் பில்லைக் கையோடு வைத்திருப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டதாம்.

அம்மா, உங்கள் புடவையோடுதான் எங்கள் அக்காவை அனுப்பிவைத்தோம். எங்கள் வீட்டுக்கு எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். பையை யாரிடமும் திறந்து காட்ட வேண்டாம்.