முயலுக்கு ஒரு மடக்கு மேசை

தீவில், டாலிகஞ்ச் பக்கம் இருந்த சந்திரமதியின் தையல்கடையில் ஒரு மிஷின், ஒரு வெட்டுமேசை, ஒரு ஸ்டூல் போட்டால் அவ்வளவுதான், இடம் தீர்ந்துவிடும். அதற்குள்தான் அந்த இரண்டு முயல்களும் வந்து சேர்ந்தன. அவளிடம் வழக்கமாக ரவிக்கை தைக்கக் கொடுக்கும் ஷீலா மேடம், கணவருக்குக் கடல் தாண்டி மெயின்லேண்டுக்கு மாற்றல் வந்ததும், "வீடு பார்த்ததும் ஆள் அனுப்பி எடுத்துக்கறேன்" என்று கூண்டோடு விட்டுப்போனார்.

வெள்ளையாக இருந்தது ரூயி, சாம்பல் நிறம் மோத்தி. இரண்டுக்கும் கண்ணை மறைக்கிற அளவுக்கு முடி. வாராமல் விட்டால் சிக்குப் பிடித்துத் தோலை இழுத்தது. தீவின் புழுக்கத்தில் முயல்கள் சுருண்டு கிடந்ததைப் பார்க்கச் சந்திரமதிக்கு மனசு கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து மடியில் போட்டு வாரினாள். நாளெல்லாம் மிஷினில் குனிந்த முதுகு, எழும்போது சுவரைப் பிடிக்க வைத்தது. சரி என்று வெட்டுமேசையிலேயே வைத்து வாரினாள். மறுநாள் ஒரு டீச்சர், தைத்து வாங்கிய, முயல் முடி ஒட்டிய புது ரவிக்கையோடு தும்மிக்கொண்டே திரும்பி வந்தார்.

ஹட் பே தீவுக்குப் போய்வரும் கப்பலில் வேலை பார்க்கும் அவள் புருஷன் குணா அப்போது லீவில் இருந்தான்.

"வெளியே தாழ்வாரத்துல ஒரு மேசை போட்டுடலாம்" என்றான்.

"இங்க மழை விடுற நாள் எது? சாரல்ல நனைஞ்சு ஊறிப்போயிடுங்க. வேலை முடிஞ்சதும் மடக்கி உள்ளே சாத்துற மாதிரி வேணும்."

எங்கிருந்தோ கனமான ஒரு பழைய படாக் மரக் கதவை வாங்கி வந்து அறுத்தான் குணா. செக்கச்செவேலென்று அழகான மேசைதான். ஆனால் மடக்கித் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

"உங்க கப்பல் கிரேனையும் கூட்டிட்டு வாங்க" என்றாள் சந்திரமதி.

அவனும் சிரித்துவிட்டான். அந்த மேசை, வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சாகிவிட்டது.

அடுத்தது ப்ளைவுட். கால்களைக் கத்திரி மாதிரி குறுக்கே வைத்து நடுவில் போல்ட் போட்டான். மடக்கினால் அயர்ன் டேபிள் போலத் தட்டையானது. ஒரு கையால் தூக்கலாம். மோத்தியை மேலே வைத்தார்கள். வழவழவென்ற பலகையில் அதற்குக் கால் நிற்கவில்லை. வழுக்கின பயத்தில் ஒரு எம்பு எம்பியது. மேசைக் கால்கள் இரண்டு பக்கமும் அகன்று, பலகை அப்படியே தரையில் உட்கார்ந்தது. மோத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. குணாவின் கால் கட்டைவிரல்தான் நசுங்கியது.

"போதும், கடையில ரெடிமேடா வாங்கிக்கலாம்" என்றான், விரலை ஊதிக்கொண்டே.

சந்திரமதி மேசையைத் திரும்ப நிறுத்தி, கால்கள் எவ்வளவு அகல வேண்டும் என்று பார்த்தாள். அந்த அளவுக்குமேல் போகாமல் பிடித்துக்கொண்டால் போதும். கிழிந்த ஸ்கூல் பை ஒன்றின் கெட்டிப் பட்டையை வெட்டி, முனைகளை மடித்து மூன்று தையல் போட்டு, எதிரெதிர்க் கால்களை இணைத்துக் குணாவை ஆணியடிக்கச் சொன்னாள். மேசையை விரித்ததும் பட்டை விறைத்து நின்றது. மேலே குணாவே ஏறி உட்கார்ந்து பார்த்தான். அசையவில்லை. வழுக்காமலிருக்க, கோணிச்சாக்கில் ஓரத்துக்கு எலாஸ்டிக் வைத்து, தலையணைக்கு உறை போடுவதுபோல் பலகைக்கு ஒன்று தைத்தாள். கழற்றி உதறினால் முடி போய்விடும்.

இந்தத் தடவை மோத்தி நகங்களைச் சாக்கில் பதித்து நின்றது. காதுக்குப் பின்னால் சீப்பு பட்டதும் அப்படியே வயிற்றைப் பரப்பிப் படுத்துப் பல்லை மெல்லக் கடித்தது, சுகமாக இருக்கும்போது செய்வதுபோல. சந்திரமதி நின்றபடியே வாரினாள். முதுகு வலிக்கவே இல்லை.

அப்போதுதான் ஷீலா மேடம் போன் செய்தார். கூட்டிப்போக ஆள் வரப்போகிறதோ என்று நினைத்தபடி சீப்பைக் கீழே வைக்காமலே எடுத்தாள்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இங்க வீட்டுக்காரர் பிராணி எதுவும் கூடாதுன்னுட்டார். நீங்களே வச்சுக்க முடியுமா?"

"கோயி பாத் நஹி மேடம், பரவாயில்ல, இருக்கட்டும்" என்றாள், குரலில் சந்தோஷம் தெரிந்துவிடாமல்.

போனை வைத்ததும் குணா, "என்னவாம்?" என்றான்.

"நம்மகிட்டயே இருக்கட்டுமாம்."

"அப்போ இந்தக் கூண்டு பத்தாதே" என்று, அவள் கழுத்தில் தொங்கிய டேப்பை உருவிக்கொண்டு தாழ்வாரத்தை அளக்கப் போனான். அவள் ரூயியைத் தூக்கி மேசைமேல் வைத்தாள்.