முந்தைய நாளின் பனிக்கோடு

என் அப்பா ஆஸ்முண்ட் ருஸ்தாட் மார்ச் ஒன்பதாம் தேதி காலை இறந்தார். வயது எழுபத்தொன்று. நுரையீரல். ஹெல்வங்கன் ஊரின் ஸ்கேட்டிங் தளத்துக்கு முப்பத்தோரு குளிர்காலம் ஐஸ் போட்டவர். உள்ளூர்ப் பத்திரிகையில் எட்டு வரி வந்தது. 1971 பிப்ரவரியில் எங்கள் ஊரில் நடந்த சர்வதேசக் குறுந்தூரப் போட்டிக்கு அவர் போட்ட ஐஸைப் போல எங்கேயும் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தார்கள். ஐஸைப் பொறுத்தவரை அது சரி.

கோடையில் அவர் நகராட்சியில் குழாய் வேலை பார்த்தார். நவம்பர் வந்ததும் தளத்துக்குப் போய்விடுவார். அவருக்கு ஸ்கேட்டிங் வராது. தட்டைப் பாதம், சின்ன வயதில் இரண்டு முறை முயன்று விட்டுவிட்டதாகச் சொல்வார். வெதுவெதுப்பான தண்ணீரை மெல்லிய படலமாக விட வேண்டும், ஒன்று உறைந்த பிறகே அடுத்தது. அதை அவசரப்படுத்தி நான் பார்த்ததில்லை. ஒரு நல்ல குளிர்காலத்தில் நூற்று நாற்பது படலம் வரை போட்டிருக்கிறார். பூட்ஸ் குதியால் ஐஸைத் தட்டிச் சத்தத்தைக் கேட்பார். திருப்தி என்றால் மூக்கைச் சிந்துவார். வாய் திறந்து பாராட்டி நான் கேட்டதில்லை, ஐஸையும் சரி, என்னையும் சரி. அம்மா நான் பள்ளியில் இருக்கும்போதே போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

அந்தப் போட்டி அப்போது புதுச் சரக்கு. இரண்டு நாள், நாளுக்கு ஒரு ஐந்நூறு மீட்டர், ஒரு ஆயிரம் மீட்டர். ஆயிரத்தின் நேரத்தைப் பாதியாக்கி, நான்கு ஓட்டத்தையும் கூட்டிப் பார்த்து, குறைந்தவன் வெற்றி. எங்கள் பள்ளத்தாக்கில் பத்தாயிரம் மீட்டரைச் சுற்றுக்குச் சுற்று பென்சிலால் குறித்துக்கொள்ளும் ஆட்கள். அவர்களுக்கு இது பிடிபடவில்லை. அப்பாவோடு வேலை செய்த ஒத்மார் சொல்வார்:

"நாப்பது செகண்டு! நான் காபி ஊத்தி மூடியத் திருகறதுக்குள்ள பந்தயம் முடிஞ்சிருக்கும். இதுக்குப் போய் ஒன்பது நாட்டுக்காரன் வர்றானாம்."

ஆனாலும் எல்லோரும் டிக்கெட் வாங்கினார்கள். எங்கள் பள்ளத்தாக்குப் பையன் கெளதே ஓடினான். முதல் நாள் முடிவில் அவன் இரண்டாம் இடம். முதலிடத்தில் பின்லாந்துக்காரர், தவுனோ லம்பெலா. மரம் அறுக்கும் ஆலைத் தொழிலாளி. இருபத்து மூன்று வயது.

தளத்தில் ஒருவர் உள்தடத்திலும் ஒருவர் வெளித்தடத்திலுமாக இருவர் ஓடுவார்கள். வளைவுகளில் தடத்தின் எல்லையைக் காட்ட, ஒரு கையகலத்துக்கு, நான்கு விரல் உயரத்துக்குப் பனியைக் கொட்டி வைப்போம். அதுதான் பனிக்கோடு. உதிரிப் பனியாக இருக்க வேண்டும். காலில் கட்டிய கத்தி பட்டால் மாவு போலப் பறந்துவிடும். ஓடுபவனுக்கு ஒன்றும் ஆகாது. அதனால் போட்டி நாள் ஒவ்வொன்றிலும் காலையில் பழைய கோட்டை வழித்தெடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். முந்தைய நாள் கோட்டை விட்டுவைக்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது.

அந்த ஆண்டு பனி குறைவு. கோட்டுக்கான பனியை ஒத்மார் மேலே ஊசியிலைக் காட்டிலிருந்து லாரியில் அள்ளி வந்தார். சனிக்கிழமை மாலை வெப்பம் மூன்று டிகிரிக்கு ஏறி, தூறல் போட்டது. கோடு கூழானது. ஞாயிறு விடிவதற்குள் மைனஸ் பதினொன்று. கூழ் அப்படியே இறுகிவிட்டது.

நான் அப்போது இயந்திரப் பொறியியல் கடைசி வருடம். நேரம் குறிப்பவர்களில் ஒருத்தியாக ஊருக்கு வந்திருந்தேன். காலை ஆறரைக்கு மூவரும் கடைசி வளைவில் நின்றோம். ஒத்மார் கோட்டை உதைத்துவிட்டுக் கால் விரலைப் பிடித்துக்கொண்டார்.

"சிமெண்டு போட்ட மாதிரி இருக்கு, ஆஸ்முண்ட்."

"கோடாலி?" என்றார் அப்பா.

"வெட்டினா ஐஸும் சேர்ந்து பேந்து வரும். பள்ளத்தை ரொப்பி உறைய வைக்க மூணு மணி நேரம் வேணும். பத்து மணிக்குத் துப்பாக்கி."

"லாரில பனி எவ்வளவு கிடக்கு?"

"ரெண்டு தள்ளுவண்டி. வழிச்சு நக்கினா."

"காட்டுக்குப் போயிட்டு வந்துடறியா?"

"ரோடு கண்ணாடியா கெடக்குது. இப்பப் போனா புதன்கிழமை வருவேன், பொட்டியில."

அப்பா சிரிக்கவில்லை. இரண்டு வாரமாக அவர் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. கோட்டின் நீளம் முழுக்க ஒரு பார்வை பார்த்தார்.

"மேல தூவுடா."

"இது மேலயா?"

"கோடு கண்ணுக்குத்தானே. உலக மட்டத்துல ஓடறவன் எவன் அதை மிதிக்கப் போறான்?"

ஸ்கேட்டிங் தெரியாதவரின் கணக்கு அது. கோட்டை மிதிப்பவர்கள் கற்றுக்குட்டிகள் என்றுதான் கரையில் நின்று பார்த்தவருக்குத் தோன்றும். ஐந்நூறு மீட்டரில் கடைசி உள்வளைவுக்கு வரும்போதுதான் வேகம் உச்சம், வளைவோ இறுக்கமானது. நல்ல ஓட்டக்காரன் கோட்டை ஒட்டியே போவான். இடது கத்தி பனியைச் சீவிக்கொண்டு போகும். சீவுகிறவன்தான் ஜெயிப்பான். பெண்கள் அணியில் நான் இரண்டு வருடம் ஓடியிருக்கிறேன்.

"அப்பா, கடைசி உள்வளைவுல எல்லாரும்..."

"நீ உன் கடிகாரத்தைப் பாரு, ராக்னா."

தூவினோம். நானும்தான் மண்வாரி பிடித்தேன். இருந்த பனியில் பாதியை வளைவின் தொடக்கத்தில், அதிகாரிகள் நிற்கும் பக்கமாகக் கொட்டினோம். மற்ற இடங்களில் ஒரு விரல் கனம். தூரத்திலிருந்து பார்க்க வெள்ளை வெளேரென்று அழகாக இருந்தது.

லம்பெலாவும் கெளதேயும் ஒரே ஜோடி. லம்பெலா வெளித்தடத்தில் தொடங்கினார். ஆகவே கடைசி வளைவு அவருக்கு உள்தடம். என் கடிகாரம் அவருக்கு. எதிர்ப்பக்க நேர்த்தடத்திலேயே கெளதேயைப் பிடித்துவிட்டார். வளைவின் நடுவில் அவர் இடது கால் மேலே எகிறியது. சறுக்கவில்லை, எகிறியது. உடம்பு வெளித்தடத்தைத் தாண்டிப் போய் வெளிப்பக்கப் பனிக்கரையில் மோதியது. ஒன்பதாயிரம் பேர் மூச்சை இழுத்தார்கள். கெளதே முடிவுக் கோட்டைக் கடந்தபோது, நேரம் தெரிவதற்கு முன்பே கத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

லம்பெலா எழுந்து வந்து ஓட்டத்தை முடித்தார். 58.4. நான்தான் எழுதினேன்.

பிறகு அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வளைவுக்குத் திரும்பிப் போனார். குனிந்து தேடி எதையோ எடுத்துக்கொண்டு தலைமை நடுவரிடம் வந்தார். கையில் முட்டை அளவு கெட்டிப் பனி. அவர்கள் அணித் தலைவர் ஸ்வீடிஷ் பேசுவார்; நடுவரும் ஸ்வீடன்காரர். தவறு ஓட்டக்காரனுடையது என்றால் அவ்வளவுதான். தவறு ஐஸினுடையது என்றால் அரை மணி ஓய்வு, மறுபடி ஓடலாம். மறுபடி ஓடினால் பட்டம் லம்பெலாவுக்கு. அங்கே நின்ற எல்லோருக்கும் அது தெரியும்.

அப்பாவைக் கூப்பிட்டார்கள். நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

"மிஸ்டர் ருஸ்தாட், இன்னிக்குக் காலைல கோடு புதுசா போட்டீங்களா?"

அந்தப் பக்கம் கெளதேயைத் தோளில் தூக்கியிருந்தார்கள். அவன் அம்மா அழுதுகொண்டிருந்தாள். அப்பா ஒரு முறை அங்கே பார்த்தார்.

"போட்டோம்."

"அப்ப இது என்ன?"

"வெளிக்கரையில போய் மோதினாரு இல்லையா? அங்கேருந்து பேந்திருக்கும். ஒரு மாசத்துக் கரை அது. கெட்டியாத்தான் இருக்கும்."

நடுவர் அந்தக் கட்டியை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். அதில் ஊசியிலைகள் ஒட்டியிருந்தன, பச்சையாக நான்கைந்து. வெளிக்கரை என்பது தளத்திலிருந்து ஒதுக்கிய பனி. அதில் ஊசியிலை இருக்காது. கோட்டுப் பனிதான் காட்டிலிருந்து வந்தது. அப்பா என்னைப் பார்த்தார். விரல்களை மூடினார். கையை மேல்கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். ஒத்மார் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினார், அது அவிழ்ந்திருக்கவில்லை.

"வாங்க, கோட்டைப் பாத்துடலாம்," என்றார் நடுவர்.

அப்பா அவரை வளைவின் தொடக்கத்துக்கு அழைத்துப் போனார். நடுவர் காலணி நுனியால் தள்ளினார். பனி பறந்தது.

"உதிரியாத்தான் இருக்கு," என்றார். மறு ஓட்டம் இல்லை.

லம்பெலா பின்னிஷில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். யாரும் மொழிபெயர்க்கவில்லை. மதியம் அந்த இடுப்போடு ஆயிரம் மீட்டர் ஓடிப் பதினேழாவதாக வந்தார்.

அன்று மாலை வீட்டில் உப்புக்கறியும் உருளைக்கிழங்கும். அப்பா தட்டைத் தொடவில்லை. கதவோரம் தொங்கிய மேல்கோட்டின் பை நனைந்து தரையில் சொட்டியது.

"பாத்த இல்ல?" என்றார்.

"பாத்தேன்."

"சொல்லப் போறியா?"

"நீங்கதான் சொல்லணும்பா. நடுவர் நாளைக்குக் காலை ரயில்லதான் போறாரு. ஓட்டல்ல இருக்காரு."

"போய் என்னன்னு சொல்ல? பதினாறு வருஷமா ஐஸ் போடறவன் பொய் சொன்னேன்னா? கெளதே கழுத்துலேருந்து மாலையக் கழட்டுங்கன்னா? இந்த ஊர்ல நாளைக்கு நான் ரொட்டி வாங்கப் போகணும்மா."

"அந்த ஆளு?"

"அந்த ஆளுக்கு வயசிருக்கு. அடுத்த வருஷம் ஜெயிப்பான்."

நான் திங்கள் காலை பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினேன். நடுவர் போன அதே ரயில். அவர் மூன்றாவது பெட்டியில் இருந்தார், நான் ஐந்தாவதில். நடுவே ஒரே ஒரு பெட்டி. நான் எழுந்து போகவில்லை.

கோட்டைச் சீவப்போய்க் கோட்டைவிட்ட பேராசைக்காரர் என்று பத்திரிகைகள் லம்பெலாவை எழுதின. அப்பா ஒவ்வொரு குளிர்காலமும் விளையாட்டுப் பக்கத்தில் பின்லாந்து முடிவுகளை விரலை வைத்துப் படித்தார். அடுத்த வருடம் லம்பெலா ஒன்பதாவது. அதற்கடுத்த வருடம் இருபதுக்கு மேலே. பிறகு பெயரில்லை. பெயர் வராமல் போன பிறகும் அப்பா விரலை வைத்துப் படித்தார். போட்டி இல்லாத நாட்களிலும் காலையில் கோட்டை வழித்துப் புதிதாகப் போட்டார். தனியாகவே செய்தார். ஒத்மார் அதைப் பற்றிக் கிண்டல் செய்யவில்லை. ஒத்மார் எல்லாவற்றையும் கிண்டல் செய்கிறவர்.

1986இல் செயற்கை ஐஸ் தளம் வந்தது. குளிரூட்டும் குழாய்களின் கணக்கு என்னுடையது. அப்பாவுக்கு அது கடைசி வருடம். பனிக்கோட்டுக்குப் பதிலாக ரப்பர் கட்டைகளை வரிசையாக வைத்தார்கள். அவர் வளைவில் நின்று ஒன்றைப் பார்த்தார்.

"கத்தி பட்டா?"

"நகந்துடும்பா. ஒட்டி வைக்கலை."

காலால் தட்டினார். கட்டை ஐஸில் சறுக்கிக்கொண்டு போனது. இன்னொன்றைத் தட்டினார். அதுவும் போனது. ஆறு ஏழு கட்டைகளைத் தட்டிவிட்டார். தளத்தின் மேலாளர் என்னைப் பார்த்தார். நான் போய்க் கட்டைகளைப் பொறுக்கித் திரும்ப வைத்தேன்.

இந்த வருடம் பிப்ரவரி இறுதியில் மருத்துவமனையில் சேர்த்தோம். நான்காம் நாள், ஆக்சிஜன் முகமூடியை ஒதுக்கிவிட்டுச் சொன்னார்:

"அந்த பின்லாந்துக்காரன்கிட்ட நீ சொல்லிடு."

"இப்பவே போன் போட்டுத் தரேன்பா. நீங்களே பேசுங்க."

"வேண்டாம். நான் இருக்கும்போது வேண்டாம்."

முகமூடியை அவரே திரும்ப மாட்டிக்கொண்டார்.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்துப் பின்லாந்துத் தொலைபேசி விசாரணையில் கேட்டேன். அவர் ஊர் வட்டாரத்தில் லம்பெலா நான்கு பேர். மூன்றாவது அவர். ஸ்வீடிஷ் கொஞ்சம் வரும் என்றார். நான் இன்னார் மகள் என்றேன். பிறகு வரிசையாகச் சொன்னேன்: சனிக்கிழமை மூன்று டிகிரி, காலையில் மைனஸ் பதினொன்று, மேலே ஒரு விரல் தூள், அடியில் மூன்று விரல் கெட்டி ஐஸ், நடுவருக்குக் காட்டிய இடம் வேறு.

அந்தப் பக்கம் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினார்.

"கத்தி எகிறிச்சு," என்றார். "தூள்ல பட்டா எகிறாது. சொன்னேன். எங்க ஆளுங்களே நம்பலை."

"தெரியும்."

"எங்க அண்ணன் என்னைக் கோட்டை மிதிச்ச மாடுன்னுதான் கூப்பிடுவான். என் கல்யாணத்துல எந்திரிச்சு நின்னு சொன்னான். சாகற வரைக்கும் சொன்னான். அப்புறம் நானே நம்பிட்டேன். மாடுதான்னு." இருமினார். "உங்கப்பாவுக்கு எப்ப தெரியும்?"

"அன்னிக்குக் காலைலயே."

"உனக்கு?"

"எனக்கும் அப்பவே."

"அவரைப் பேசச் சொல்லு."

"மூணு வாரம் முன்னால இறந்துட்டார்."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"கஷ்டப்பட்டாரா?"

"ஆமா. பதினோரு நாள். மூச்சு விட முடியாம."

"சரி," என்றார். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "நீ சொன்னதை அப்படியே எழுதி அனுப்பு. டிகிரியெல்லாம் போட்டு, உங்கப்பா பேரு போட்டு, உன் பேரும் போட்டு. எங்க அண்ணன் பொண்டாட்டி உசுரோட இருக்கா. அவ வீட்டு மேசையில கொண்டுபோய் வைக்கணும்."

முகவரியை எழுத்தெழுத்தாகச் சொன்னார். ஒரு எழுத்தை நான் தவறாகக் கேட்டபோது பொறுமையாகத் திரும்பச் சொன்னார். எழுதிக்கொண்டேன்.