கிணற்றில் விட்ட கெண்டைகள்

இரண்டாம் உலக யுத்தத்துக்காக அரிசியை ரேஷனில் அளந்து கொடுத்த காலம். பேரையூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கிணற்றை ஒட்டிச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் தோண்டினார்கள்.

இன்று அதே கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க ஒருவர் வந்தார். பக்கத்தில் புதுக் குவாரி வந்திருக்கிறது.

"தாத்தா, முன்னாடி யாராச்சும் சோதிச்சாங்களா?"

"நாங்கதான்ப்பா, சின்னப் புள்ளைக முறை வச்சுக் காவல் காத்தோம். கிணத்துல கெண்டைக்குஞ்சு விட்டிருந்தோம். அது நீந்துற வரைக்கும் குடிக்கலாம்னு கணக்கு."

"மீன் செத்துச்சா?"

"மீனு எப்பப் பாத்தாலும் நீந்திக்கிட்டுதான் இருந்துச்சு. என் தம்பிதான் வயிறு வீங்கிச் செத்தான். பெறகு ஒருநா விடியுமுன்ன வெள்ளன, எங்ககூடக் காவல் இருந்த பேச்சி பாத்துட்டா. சுரங்கத்து மேஸ்திரி செத்த மீனை அள்ளிட்டு, கம்மாய் மீனைக் கொண்டாந்து விடுறான்."

வந்தவர் சிரித்தார்.

"இப்ப அப்படியெல்லாம் ஏமாத்த முடியாது தாத்தா. எல்லாம் மிஷின்."

தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து மூடினார். குவாரிக்காரர்களின் ஜீப்பிலேயே ஏறிப் போனார்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. நான் சொல்லச் சொல்ல மருமகள் இதைச் செல்போனில் எழுதுகிறாள்.

வழியில் அந்தப் பாட்டிலை மாற்றுவதை யாராவது பார்த்தால் சொல்லுங்கள். அன்று தண்ணீரைக் காவல் காத்தவர்களில் என்னைத் தவிர உயிரோடு இருப்பது, இப்போது கண் தெரியாத பேச்சி ஒருத்திதான்.